ஃபில்லரா, இழுவையா? ஒன் பீஸ் சாப்டரும் எபிசோடும் ஓடுகிற கணக்கு

ஞாயிறு இரவு எட்டரைக்கு, ஒன் பீஸ் என்ற ஜப்பானியக் கடற்கொள்ளையர் சித்திரக்கதையின் புது சாப்டர் வருகிறது. ஒன்பது மணிக்குள் தீர்ப்பும் வந்துவிடும். பாதிப் பேருக்கு "செம சாப்டர்", மீதிப் பேருக்கு "இந்த வாரமும் ஒண்ணுமே நடக்கல". அதன் அனிமேஷன் தொடரான அனிமேயை மட்டும் பார்ப்பவர்கள் பக்கம் வேறு புலம்பல்: "எல்லாம் ஃபில்லர், எப்பதான் கதைக்கு வருவாங்க?"

இந்தச் சண்டையில் பெரும்பகுதி, பேசுகிற பொருளின் அளவு தெரியாததால் வருவது. ஒரு சாப்டரில் எவ்வளவு இடம் இருக்கிறது, ஒரு எபிசோடில் கதைக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது, இரண்டும் வருடத்துக்கு எத்தனை வருகின்றன? இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் எதைத் திட்டலாம், எதைத் திட்டுவது வீண் என்று பிடிபட்டுவிடும். பெரிய ஸ்பாய்லர் எதுவும் இங்கே இல்லை. வானோ ஆர்க்கில் நாயகன் லூஃபி எடுக்கும் புது வடிவமான கியர் 5 பற்றி மட்டும் பேச்சு வரும். ஆர்க் என்பது ஒரே இடத்தில், ஒரே எதிரியைச் சுற்றி நடக்கும் கதைப்பகுதி.

சாப்டர்: 17 பக்கத்துக்குள் ஒரு வாரம்

எய்ச்சிரோ ஓடா 1997 ஜூலையில் ஷூஎய்ஷாவின் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் ஒன் பீஸைத் தொடங்கினார். மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதைகள் பலவற்றைச் சேர்த்து, தலையணை கனத்தில் வரும் வார இதழ் அது. ஒரு தொடருக்கு ஒரு வாரத்தில் கிடைக்கும் பங்குதான் சாப்டர். ஒன் பீஸின் முதல் சாப்டர் 53 பக்கம். இப்போதெல்லாம் 15 முதல் 17 பக்கம் வரைதான்.

அந்த 17-லும் முதல் பக்கம் தலைப்புப் படத்துக்குப் போய்விடும். நடுவில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக விரித்தால் இன்னும் இரண்டு போச்சு. மிச்சம் 14 பக்கம். பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம் என்று வைத்தால் 80 கட்டத்துக்குப் பக்கம். அதற்குள் ஓடா இரண்டு மூன்று இடங்களில் நடப்பதைக் காட்டி, பத்துப் பதினைந்து பேரைப் பேசவைத்து, கடைசிக் கட்டத்தில் ஒரு முடிச்சும் போட வேண்டும். ஒரு சாப்டரில் ஒரு உரையாடல் மட்டும் முடிந்தாலே அது நியாயமான வேலைதான்.

வேலை தொடங்குவது 'நேம்' என்பதில். காகிதத்தில் கட்டம் பிரித்து, வசனம் எழுதி, ஆட்களைக் கிறுக்கலாகப் போட்ட முன்வரைவு அது. பத்திரிகையின் எடிட்டர் அதைப் பார்த்து, இங்கே புரியவில்லை, அங்கே நீளுகிறது என்று சொல்வார். அது சரியான பிறகுதான் பென்சில், மை. பின்னணிக் கட்டடம், மரம், நிழல் எல்லாம் உதவியாளர்கள் கையில். ஆட்களை ஓடாவே வரைகிறார். நேமில் இரண்டு நாள் தள்ளிப்போனால் வரைவதற்கான நாட்கள்தான் குறையும், அச்சுக்குப் போகும் தேதி நகராது.

சாப்டரின் வேகத்தைத் தீர்மானிக்கும் இன்னொன்று, பக்கம் திரும்பும் இடம். மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்கிறோம். விரித்த இரண்டு பக்கங்களில் இடது பக்கத்தின் அடிமூலைக் கட்டம்தான் திருப்புவதற்கு முன் கடைசியாகக் கண்ணில் படுவது. அங்கே ஒருவன் அதிர்ந்து நிற்பான், அல்லது "யார் அது?" என்பான். பதில் திருப்பிய பிறகு வரும். போனில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் படிக்கும்போது இந்த ஏற்பாட்டில் பாதி காணாமல் போகிறது. "சப்பென்று இருக்கிறது" என்று தோன்றும் சாப்டரைப் போனைப் படுக்கவைத்து, இரண்டு பக்கம் சேர்ந்து தெரியும்படி ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வது நல்லது.

பிரேக் விஷயத்துக்கு வருவோம். புத்தாண்டு, மே மாத விடுமுறை வாரம், ஆகஸ்ட் ஓபோன் பண்டிகை ஆகிய சமயங்களில் ஜம்ப் இரண்டு வார இதழைச் சேர்த்து ஒன்றாகப் போடும். அது எல்லாத் தொடருக்கும் விடுப்பு. இது போக ஓடா இரண்டு மூன்று சாப்டருக்கு ஒருமுறை ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறார். 2022-ல் கடைசிக் கட்டக் கதைக்குத் தயாராக ஒரு மாதம், 2023-ல் கண் அறுவை சிகிச்சைக்காக நான்கு வாரம் என்று நீண்ட விடுப்புகளும் உண்டு. சாப்டர் 1000 வந்தது 2021 ஜனவரியில், 1044 வந்தது 2022 மார்ச்சில். 15 மாதத்தில் 44 சாப்டர் என்றால் வருடத்துக்கு 35 என்று கணக்கு.

இதுவரை: சாப்டர் என்றால் 15 முதல் 17 பக்கம், வருடத்துக்குச் சுமார் 35. அடுத்த பகுதிக்கு இந்த இரண்டு எண் போதும்.

எபிசோடு: 24 நிமிடத்தில் கதைக்கு எவ்வளவு?

அனிமே, அதாவது அந்த மங்காவின் அனிமேஷன் தொடர், 1999 அக்டோபரில் ஃபூஜி டிவியில் தொடங்கியது. தயாரிப்பு டோயே அனிமேஷன். விளம்பரம் போக ஓர் எபிசோடு 24 நிமிடம்.

இதைக் கழித்துக்கொண்டே வரலாம். தொடக்கப் பாட்டு பல வருடங்களாக இரண்டரை நிமிடம் ஓடியது. அதன் பிறகு "முன்கதை" என்று போன வாரக் காட்சிகள், சில சமயம் அது மூன்று நிமிடத்தைத் தொடும். நடுவில் விளம்பரத்துக்கு முன்னும் பின்னும் சில நொடி வரும் தலைப்புத் துண்டு, கடைசியில் அரை நிமிடம் அடுத்த வார முன்னோட்டம். கதைக்கு மிஞ்சுவது 17, 18 நிமிடம்.

இப்போது பக்கத்தில் வையுங்கள். 17 பக்க சாப்டர், 17 நிமிட எபிசோடு. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம், ஒரு கட்டத்துக்குப் பத்து நொடி. படிப்பவர் ஒரு கட்டத்தில் நான்கு நொடிதான் நிற்பார், மொத்த சாப்டரையும் ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடுவார். எபிசோடு அதே விஷயத்தை மூன்று மடங்கு நேரத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. "ரொம்ப இழுக்கிறான்" என்ற உணர்வின் மூலம் இந்த மூன்று மடங்குதான்.

நீட்டும் விதமும் செலவோடு சேர்ந்தது. திரையில் நொடிக்கு 24 பிரேம் ஓடும். தொலைக்காட்சி அனிமேயில் ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று பிரேமுக்கு நிறுத்துவார்கள், ஆக அசைவுள்ள ஒரு நொடிக்கு 8 முதல் 12 படம் வரைய வேண்டும். ஆனால் அதிர்ந்து நிற்கும் ஒரு முகத்தின் மேல் கேமராவை மெதுவாக நகர்த்தினால் ஐந்து நொடிக்கு ஒரே ஒரு படம் போதும். வாரா வாரம் ஒளிபரப்ப வேண்டிய தொடரில் நேரத்தை நிரப்ப மிகவும் மலிவான வழி இது. கூட்டத்தில் நிற்கும் எட்டுப் பேரின் வாய் பிளந்த முகத்தை வரிசையாகக் காட்டுவது, ஒரே குத்தை மூன்று கோணத்தில் காட்டுவது, முந்தைய எபிசோடின் ஃப்ளாஷ்பேக்கை மறுபடி ஓட்டுவது எல்லாம் இந்த வகை. நம்ம ஊர் டிவி சீரியல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் ஒன்றும் புதிதில்லை.

எபிசோடுக்கு எபிசோடு தரம் ஏன் மாறுகிறது என்றும் கேட்கிறார்கள். ஒரே குழு வாரம் ஒரு எபிசோடு செய்து முடிக்க வழியே இல்லை. ஒரு எபிசோடுக்குப் பல மாத வேலை, எனவே பல குழுக்கள் வெவ்வேறு எபிசோடுகளில் ஒரே சமயம் இருப்பார்கள். சாப்டர் 1000-த்தை எடுத்த எபிசோடு 1015-ஐ இயக்கியவர் மெகுமி இஷிதானி. அவர் பெயர் வந்தாலே ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவதற்குக் காரணம், அவருடைய எபிசோடுகள் பக்கத்து எபிசோடுகளிலிருந்து கண்கூடாக வேறுபடும்.

தொட்டியும் குழாயும்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மோட்டார் ஏற்றுகிற தண்ணீர்தான் சாப்டர், கீழே குழாயில் போவது எபிசோடு. குழாய் வேகமாகப் போனால் தொட்டி காலி. மோட்டாரின் வேகமோ நம் கையில் இல்லை.

1999-ல் அனிமே தொடங்கியபோது தொட்டி நிறைய இருந்தது, நூறு சாப்டருக்கு மேல் கையிருப்பு. அதனால் குழாயைத் தாராளமாகத் திறந்தார்கள். முதல் 53 எபிசோடில் முதல் 100 சாப்டர் முடிந்தது. இடையில் மங்காவில் இல்லாத கதை கொஞ்சம் வந்தும்கூட எபிசோடுக்கு இரண்டு சாப்டர் என்ற வேகம். தொடக்கக் காலத்து ஆர்லாங் பார்க் ஆர்க் வரை பார்த்துவிட்டு "என்ன விறுவிறுப்பு!" என்பவர்கள் அனுபவிப்பது இந்தக் கையிருப்பைத்தான்.

வருடத்துக்கு 35 சாப்டர் ஏறி, 45-க்கு மேல் எபிசோடு இறங்கினால் என்ன ஆகும்? எபிசோடுக்கு ஒரு சாப்டர் என்று வைத்தாலே வருடத்துக்குப் பத்து சாப்டர் கையிருப்பு கரையும். தயாரிப்பாளர் முன்னால் மூன்று வழிதான். லாரித் தண்ணீர் வாங்கலாம், அதாவது மங்காவில் இல்லாத கதையைச் சொந்தமாக எழுதி ஓட்டலாம். குழாயை இறுக்கலாம், அதாவது ஒரு சாப்டரை ஒரு எபிசோடு முழுக்க, சில சமயம் ஒன்றேகாலுக்கு இழுக்கலாம். அல்லது குழாயை சில மாதம் மூடியே வைக்கலாம்.

இதில் முதல் வழிக்கு மட்டும்தான் ஃபில்லர் என்று பெயர். இரண்டாவதை இனி இழுவை என்றே சொல்வோம். மூன்றாவது, சீசன் முறை.

ஃபில்லர் குறைவு, இழுவைதான் அதிகம்

இங்கேதான் பேச்சு தடம் மாறுகிறது. வானோ ஆர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். எபிசோடு 890 முதல் 1085 வரை, 196 எபிசோடு. இதில் மங்கா கதை இல்லாதவை ஐந்தே ஐந்து: 895, 896, 907, 1029, 1030. "வானோ முழுக்க ஃபில்லர்" என்பவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

அப்படியானால் நேரம் எங்கே போனது? எபிசோடு 1015 எடுத்தது சாப்டர் 1000. எபிசோடு 1071, லூஃபியின் கியர் 5 வந்தது, எடுத்தது சாப்டர் 1044. இரண்டு முனையையும் சேர்த்து எண்ணினால் 57 எபிசோடு, அதில் ஃபில்லர் இரண்டைக் கழித்தால் 55. எடுத்துக்கொண்ட சாப்டர் 45. தொடக்க காலத்தில் எபிசோடுக்கு இரண்டு சாப்டர் போன வண்டி, இங்கே எபிசோடுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. சாப்டர் 1044 வந்தது 2022 மார்ச், எபிசோடு 1071 வந்தது 2023 ஆகஸ்ட். நடுவில் 17 மாதம். அந்த இடைவெளியைக் காப்பாற்றத்தான் இவ்வளவு இழுவையும்.

ஃபில்லரைத் தவிர்ப்பது சுலபம், எபிசோடு எண்ணைப் பார்த்துத் தாண்டிவிடலாம். இழுவை எபிசோடுக்குள்ளேயே கரைந்திருப்பதால் தாண்ட முடியாது. ஒன் பேஸ் என்ற பெயரில் ரசிகர்கள் எபிசோடுகளை வெட்டி ஒட்டி, மங்காவின் வேகத்துக்குக் கொண்டுவரும் வேலையை வருடக்கணக்கில் செய்துவருவது இதனால்தான்.

ஃபில்லர் என்றாலே குப்பை என்பதும் தவறு. ஸ்கைபியா ஆர்க் முடிந்ததும் வரும் ஜி-8, எபிசோடு 196 முதல் 206 வரை, முழுக்க டோயே எழுதிய கதை. கடற்படைக் கோட்டைக்குள் கப்பலோடு விழுந்துவிட்டு, பிடிபடாமல் வெளியேற வேண்டும் என்ற ஒற்றைச் சிக்கல். பதினோரு எபிசோடில் கச்சிதமாக முடியும். வானோவின் பல எபிசோடுகளைவிட இதில் ஓட்டம் அதிகம்.

இழுவையிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, சேர்க்கை. மங்காவில் நான்கு கட்டத்தில் முடிந்த சண்டையை நல்ல இயக்குநர் இரண்டு நிமிடமாக விரிப்பார், ஆனால் ஒவ்வொரு நொடியும் புதிதாக வரைந்த அசைவாக இருக்கும். கியர் 5-ஐப் பாருங்கள். அப்போது ஒரு முரசு ஒலிக்கும். மங்காவில் அது, பக்கத்தில் எழுதிய ஒலி எழுத்து மட்டும்தான். எபிசோடில் அதே தாளம் காதில் விழுந்து, காட்சி முழுக்க அதன் மேலேயே நடக்கிறது. கண் பிதுங்குவதும் உடம்பு ரப்பராக நீள்வதும் பழைய கார்ட்டூன் பாணியில் ஓடுவதைத் தாளில் ஊகிக்க மட்டுமே முடியும். இரண்டையும் பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நீளும் காட்சியில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். நிற்கும் படத்தின் மேல் கேமரா மட்டும் நகர்ந்தால் இழுவை. ஆட்கள் அசைந்துகொண்டே இருந்தால் சேர்க்கை.

சுருக்கமாக: மங்காவில் இல்லாத கதை ஃபில்லர், இருக்கிற கதையை நீட்டினால் இழுவை, இருக்கிற கதைக்குப் புது உழைப்பு போட்டால் சேர்க்கை.

கேனான்: எது "நடந்தது"?

ரசிகர் சண்டையில் அடுத்த பெரிய சொல் கேனான். கதை உலகில் உண்மையாக நடந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி என்று பொருள். ஒன் பீஸுக்கு அடிப்படை, மங்காவின் பக்கங்கள். அதில் ஒரு பகுதியை அனிமே மட்டும் பார்ப்பவர்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

சாப்டரின் தலைப்புப் பக்கத்தில் ஓடா அவ்வப்போது வாரம் ஒரு படமாகத் தனிக் கதை சொல்வார். சண்டையில் தோற்றுப் போனவன் பிறகு என்ன ஆனான் என்பது போல. இதை அட்டைக்கதை என்போம். பக்கி என்ற வில்லனின் அட்டைக்கதையை அனிமே எபிசோடு 46, 47-ல் எடுத்தது, கோபி என்ற பையனுடையது 68, 69-ல் வந்தது. ஆனால் ஸ்கைபியாவின் வில்லன் எனெல் நிலவுக்குப் போன கதை சாப்டர் 428 முதல் 474 வரையிலான தலைப்புப் பக்கங்களில்தான் விரிகிறது. "இவன் திடீரென்று எப்படி இங்கே வந்தான்?" என்று முழிக்கும் இடங்களில் பலவற்றுக்கு விடை இந்த அட்டைகளில் கிடக்கும். இணையத்தில் ஸ்கேன் செய்து போட்ட பக்கங்களைப் படிப்பவர்கள் முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போவது கையிலிருக்கும் கதையைக் கீழே போடுவதற்குச் சமம்.

திரைப்படங்கள் குழப்பமான பகுதி. 2009-ல் வந்த 'ஸ்ட்ராங் வேர்ல்ட்' படத்துக்கு ஓடாவே கதை எழுதினார். அதன் வில்லன் ஷிகி மங்கா உலகிலும் உண்டு, ஆனால் படத்தில் நடக்கும் சம்பவம் மங்காவில் எங்கும் நடந்ததாக வராது. 2022-ன் 'ஃபிலிம் ரெட்' படத்தில் வரும் பாடகி ஊட்டாவும் அப்படியே: சாப்டர் 1055-ல் அவள் நிழலாகத் தெரிகிறாள், படத்தின் கதை மட்டும் மங்காவுக்கு வெளியே. ஆள் கேனான், சம்பவம் கேனான் இல்லை என்று பிரித்துக்கொண்டால் சண்டை ஓயும். மேலே சொன்ன ஃபில்லர் 1029, 1030 இரண்டும் இந்தப் படத்தை ஒட்டி எடுத்தவையே.

புதன்கிழமைக் கருத்துகள் ஏன் கவிழ்கின்றன

சாப்டர் அதிகாரபூர்வமாக வெளியாவது ஜப்பானில் திங்கள் நள்ளிரவு பன்னிரண்டு, நமக்கு ஞாயிறு இரவு 8.30. ஷூஎய்ஷாவின் மங்கா ப்ளஸ் 2019-லிருந்து கடைசி மூன்று சாப்டரை ஆங்கிலத்தில் இலவசமாகவே தருகிறது. ஆனாலும் வார நடுவிலேயே "சாப்டர் வந்துவிட்டது" என்று சத்தம் கேட்கும். அச்சடித்த இதழ் கடைக்குப் போகும் வழியில் யாரோ கசியவிடுவது அது.

கசிவு ஒரே மூச்சில் வராது. முதலில் நாலு வரிக் குறிப்பு, பிறகு நீண்ட சுருக்கம், பிறகு படம். முதல் கட்டத்தில் பக்கமே இல்லை, யாரோ பார்த்துச் சொன்னது மட்டும். ஜப்பானிய வசனத்தில் எழுவாய் அடிக்கடி விடுபடும். படத்தில் வசனம் எழுதிய பலூனின் வால் யார் வாயை நோக்கியிருக்கிறது என்று தெரிந்தால்தான் பேசியவர் யார் என்பது உறுதி. அது இல்லாமல் புதன்கிழமை எழுதும் ஆராய்ச்சி, ஞாயிறு இரவு தலைகுப்புற விழுவதில் வியப்பில்லை. ஒரு சாப்டரைப் பற்றி எழுத விரும்புகிறவர் அதிகாரபூர்வப் பக்கம் வரும்வரை பொறுப்பதுதான் சரி. பிறகு தொகுப்புப் புத்தகமாக வரும்போது ஓடா சில கட்டங்களைத் திருத்துவதும் உண்டு. பத்து சாப்டருக்குச் சுமார் ஒரு தொகுதி. "ஒன்றும் நடக்கவில்லை" என்ற சாப்டர்களைத் தொகுதியாகச் சேர்த்துப் படித்தால் அவற்றில் பாதி, அடுத்த அடிக்கு மேடை போட்டவை என்று தெரியும்.

2026-ல் மாறும் கணக்கு

குழாயை மூடும் வழியை ஒன் பீஸ் ரொம்ப நாள் தொடவில்லை. முதல் பெரிய அறிகுறி எக்ஹெட் ஆர்க்கின் நடுவில் வந்தது. 2024 அக்டோபரில் நிறுத்தி, 2025 ஏப்ரலில் ஞாயிறு இரவு நேரத்துக்கு மாறித் திரும்பினார்கள். இடையில் பழைய மீன்மனிதர் தீவுக் கதையைச் சுருக்கி மறுபடி ஓட்டினார்கள். அடுத்து 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது: 2026 முதல் வருடத்துக்கு அதிகபட்சம் 26 எபிசோடு, அதுவும் இரண்டு பகுதியாக. ஜனவரி முதல் மார்ச் வரை இடைவேளை, ஏப்ரலில் எல்பாஃப் ஆர்க்.

நருட்டோ போன்ற தொடர்கள் எதிர்த்திசையில் போய்ப் பட்டதை நினைத்தால் இந்த முடிவின் அருமை தெரியும். கையிருப்பு தீர்ந்ததும் நருட்டோவின் முதல் தொடர் 136-ஆம் எபிசோடிலிருந்து கிட்டத்தட்ட 80 எபிசோடை ஃபில்லரிலேயே ஓட்டியது. வாராவாரம் ஒளிபரப்பும் இடத்தை விடக்கூடாது என்பதற்குக் கொடுத்த விலை.

புது ஏற்பாட்டில் எண்களைப் போட்டுப் பாருங்கள். மங்கா 35 ஏறுகிறது, அனிமே 26 எபிசோடு இறங்குகிறது. எபிசோடுக்கு ஒரு சாப்டர் என்றால் வருடத்துக்கு ஒன்பது சாப்டர் கையிருப்பு கூடும். எபிசோடுக்கு ஒன்றேகால் சாப்டர் எடுத்தால்கூடத் தொட்டி குறையாது, 32 அல்லது 33 போக இரண்டு மூன்று மிஞ்சும். முன்கதைக்கும் வாய் பிளந்த முகங்களுக்கும் இனி கணக்கில் காரணம் கிடையாது. அப்படியும் 2026-க்குப் பிறகு ஒரு எபிசோடு இழுத்தால் தாராளமாகத் திட்டலாம்.

அனிமே மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மங்காவுக்கும் அனிமேவுக்கும் உள்ள தூரம் இனி வருடா வருடம் கூடத்தான் செய்யும், ஸ்பாய்லர் காதில் விழும் காலமும் அதற்கேற்ப நீளும். ஞாயிறு இரவு 8.30-க்கு மேல் போனில் ஆர்க்கின் பெயர், முக்கியப் பாத்திரங்களின் பெயர், "சாப்டர்" என்ற சொல், இந்த மூன்றையும் மியூட் பட்டியலில் போட்டுவிடுங்கள். கசிவுக்காகப் புதன் முதலே அதை இயக்கி வைப்பது இன்னும் பாதுகாப்பு. யூடியூபில் மட்டும் இது எடுபடாது. அங்கே முகப்புப் படத்திலேயே கடைசிக் கட்டத்தைப் போட்டுவிடுகிறார்கள்.